பிழை பிடிக்கும் வேலை



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை முல்லைத்தீவிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். கொப்பித் தாளில் முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம். 2009இல் கணவரை இழந்தபின் ஒரு தையல் மெசினையும் பத்துப் பதினைந்து கோழிகளையும் வைத்துக்கொண்டு மகளைப் படிப்பித்திருக்கிறார். மகள் கலைப்பிரிவில் உயர்தரம் எடுத்து மூன்று பாடமும் சித்தி. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி காணவில்லை. இப்போது 'சொப்ட்வெயார் டெஸ்டிங்' என்று ஒரு வேலை இருக்கிறது, அதைப் படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். "அது கணிதம் படிச்ச பிள்ளையளின்ர வேலையெல்லோ தங்கச்சி? கலை படிச்ச பிள்ளைக்குத் தருவினமோ? காசைக் கட்டிப்போட்டு ஏமாந்து நிற்பமோ?" என்று கேட்டிருக்கிறார்.

இந்த மாதம் சிறுசேமிப்புக் குழுக்களின் கணக்குப் புத்தகம் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த இதழுக்குப் போகட்டும். இந்தத் தாயின் கேள்விக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒரு கதை இருக்கிறது. அதில் என்னுடைய பிழையும் ஒன்று இருக்கிறது.

2018ஆம் ஆண்டு நான் கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் விபரங்கள் எல்லாம் காகிதக் கோவைகளில் கிடந்தன. அவற்றைக் கணினிக்கு மாற்றுவதற்காகக் கொழும்பில் ஒரு சிறிய கம்பனி மென்பொருள் ஒன்றைச் செய்து அனுப்பியது. தரவு பதிவதற்கு நான்கு பெண்பிள்ளைகளை மூன்று மாத ஒப்பந்தத்தில் எடுத்தோம். அவர்களில் ஒருத்தி விசுவமடுவைச் சேர்ந்தவள். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பிள்ளை என்றே எழுதுகிறேன். 2009இல் அவளுக்குப் பன்னிரண்டு வயது. தகப்பன் இல்லை. செல் பட்டு இடது கையில் இரண்டு விரல்கள்தான் மிச்சம். அவளும் உயர்தரம் கலைப்பிரிவுதான்.

இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு கோவையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். "மிஸ், இதுக்குள்ள என்ன போடுறது?" என்று கேட்டாள். திரையில் 'குடும்ப நிலை' என்ற இடத்தில் நான்கு தெரிவுகள் இருந்தன. திருமணமாகாதவர், திருமணமானவர், விதவை, விவாகரத்துப் பெற்றவர். விதவை என்று தெரிவு செய்தால் அடுத்து 'கணவர் இறந்த திகதி' என்று ஒரு பெட்டி வரும். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் பதிவைச் சேமிக்க முடியாது. அவள் கையில் இருந்த கோவையிலோ கணவர் 'காணாமற்போனவர்' என்று எழுதியிருந்தது.

நான் மேலதிகாரியிடம் கேட்டேன். மாத முடிவில் அறிக்கை போக வேண்டும், ஏதாவது ஒரு திகதியைப் போட்டு முடியுங்கள் என்றார். மற்ற மூன்று பிள்ளைகளும் அதற்கு முன்பே 18.05.2009 என்று போட்டுப் போட்டு முடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அவளிடம் அப்படியே செய்யச் சொன்னேன். இதைத்தான் என் பிழை என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள், ஆனால் போடவில்லை. அப்படிப்பட்ட கோவைகளை எல்லாம் ஒரு பக்கமாக அடுக்கி வைத்துவிட்டு மற்றவற்றைப் பதிந்துகொண்டிருந்தாள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு தருமபுரத்திலிருந்து ஒரு அம்மா வாழ்வாதார உதவிக்காகத் தன் விபரத்தைச் சரிபார்க்க வந்தார். பதிவை அச்செடுத்துக் கொடுத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் வாசித்தார். பிறகு கடதாசியைத் திருப்பி என் பக்கம் வைத்து, அந்தத் திகதியில் விரலை ஊன்றி, "ஆர் பிள்ளை இவருக்கு நாள் குறிச்சது?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. எனக்கு வாய் எழவில்லை.

அந்தப் பிள்ளையை அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவளிடம் ஒரு கொப்பி இருந்தது. எந்தப் பக்கத்தில் எதை அழுத்தினாள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், எந்தெந்தக் கோவைகளில் இது நடக்கிறது என்று நான்கு நிரல் போட்டு எழுதி வைத்திருந்தாள். காணாமற்போனவரின் குடும்பத்தார் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக வேறொரு சான்றிதழைப் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டிலேயே சட்டத்தில் இடம் வைத்திருந்தார்கள். அது திரையில் இல்லை என்பதையும் குறித்திருந்தாள். அதை நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொழும்புக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் அங்கிருந்து ஒரு பெண் பதில் அனுப்பியிருந்தார். "இதை எழுதியவர் யார்? உங்கள் அலுவலகத்தில் டெஸ்டர் இருக்கிறாரா?"

இந்த வேலைக்கு அப்படியொரு பெயர் இருப்பது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போதுதான் தெரியும். நான் சமூகவியல் படித்தவள். வினாக்கொத்து ஒன்றைத் தயாரித்தால் ஆய்வுக்கு முன் பத்துப் பேரிடம் கொண்டுபோய்க் கேட்டுப் பார்த்து, விளங்காத கேள்விகளைத் திருத்த வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தார்கள். கணினி என்றவுடன் அதை மறந்துவிட்டேன். யாரோ படித்தவர்கள் செய்தது, சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

சரி, வேலைக்கு வருவோம். வங்கியின் போன் செயலி, ஆஸ்பத்திரியின் பதிவு முறை, பஸ் ஆசனப் பதிவு எல்லாமே மென்பொருள்கள். அவற்றை ஒருவர் எழுதுவார். எழுதியதை மக்கள் கைக்குப் போகுமுன் இன்னொருவர் எல்லா விதமாகவும் பாவித்துப் பார்த்து, எங்கே பிழைக்கிறது என்று கண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்தான் சோதனையாளர். கம்பனிகளில் 'கியூ.ஏ.' என்று சொல்வார்கள். பிழையைத் தமிழில் வழு என்றும் ஆங்கிலத்தில் 'பக்', அதாவது பூச்சி என்றும் சொல்வது வழக்கம். 1947இல் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு கணினிக்குள் உண்மையாகவே ஒரு விட்டில் பூச்சி அகப்பட்டு, அதைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தச் சொல் அதற்கு முன்பே பொறியியலாளர்களின் வாயில் இருந்ததுதான்.

பூச்சியைவிட எனக்குப் பிடித்தது இன்னொரு சம்பவம். சந்திரனுக்குப் போன அப்பலோ விண்கலங்களின் மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மார்கரெட் ஹமில்டன் என்ற பெண். வீட்டில் விட்டுவர ஆளில்லாத நேரங்களில் தன் சிறு மகளையும் வேலைத்தலத்துக்குக் கூட்டிச் செல்வாராம். ஒருநாள் அந்தக் குழந்தை பயிற்சிக் கருவியில் விளையாட்டாக விசைகளை அழுத்த, பறந்துகொண்டிருக்கும்போது இயங்கக்கூடாத, புறப்படுமுன் பாவிக்கும் நிரல் இயங்கி எல்லாம் குழம்பிவிட்டது. இதற்கு ஒரு தடை போடவேண்டும் என்று தாய் கேட்டார். விண்வெளி வீரர்கள் பயிற்சி பெற்றவர்கள், அப்படி அழுத்தமாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். 1968 டிசம்பரில் அப்பலோ 8இல் ஜிம் லவெல் என்ற வீரர் அதே பிழையை விட்டார். அழிந்த தரவுகளைப் பூமியிலிருந்து திரும்ப அனுப்ப வேண்டி வந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலை செய்கிற சகோதரிகள் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

இந்த வேலையை எப்படிச் செய்வது என்பதற்குக் கையிலிருக்கும் ஒன்றையே உதாரணமாக எடுப்போம். உங்கள் தேசிய அடையாள அட்டையை எடுங்கள். பழைய அட்டை என்றால் ஒன்பது இலக்கமும் ஒரு ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கமும் நீங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதனுடன் 500ஐக் கூட்டியிருப்பார்கள். ஜனவரி 1ஆம் திகதி பிறந்த பெண்ணுக்கு 501, டிசம்பர் 31ஆம் திகதி பிறந்தவருக்கு 866. 2016இலிருந்து வழங்கும் புதிய இலக்கத்தில் பன்னிரண்டு இலக்கங்கள், எழுத்து இல்லை, ஆண்டு நான்கு இலக்கமாக இருக்கும். ஒரு படிவத்தில் 'அடையாள அட்டை இலக்கம்' என்று ஒரு பெட்டி இருந்தால் சோதனையாளர் என்ன செய்வார்? பழையதையும் போட்டுப் பார்ப்பார், புதியதையும் போட்டுப் பார்ப்பார். பெண் என்று தெரிவு செய்துவிட்டு 501ஐயும் 866ஐயும் போட்டால் ஏற்கவேண்டும். 500ஐயும் 867ஐயும் போட்டால் மறுக்கவேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இதற்கு 'எல்லைப் பெறுமானச் சோதனை' என்று பாடப் புத்தகத்தில் பெயர். பிறகு பெட்டியை வெறுமையாக விடுவார், இலக்கத்துக்கு நடுவில் இடைவெளி விடுவார், தமிழில் ஏதாவது தட்டுவார். எங்களுடைய பிள்ளை விசுவமடுவில் இருந்து கொண்டுவந்த கொப்பியின் மூன்றாம் பக்கத்தில் இதுவும் இருந்தது. அந்த மென்பொருள் பன்னிரண்டு இலக்கத்தை ஏற்கவில்லை.

பிழையைக் கண்டால் மட்டும் போதாது, எழுதத் தெரிய வேண்டும். 'வேலை செய்யவில்லை' என்று எழுதினால் மென்பொருளை எழுதியவருக்குக் கோபம்தான் வரும். என்ன கருவி, எந்தப் பக்கம், முதலில் என்ன செய்தேன், அடுத்து என்ன செய்தேன், எதை எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்று படிப்படியாக எழுதி, திரையின் படத்தையும் சேர்க்க வேண்டும். எழுதியதைப் பார்த்து முன்பின் தெரியாத ஒருவர் அதே பிழையை மறுபடி வரவழைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பிழை எவ்வளவு பாரதூரமானது, எவ்வளவு அவசரமாகத் திருத்த வேண்டியது என்பவை இரண்டும் வேறு வேறு. கம்பனியின் பெயர் முகப்பில் எழுத்துப் பிழையாக இருந்தால் அது பாரதூரமில்லை, ஆனால் இன்றைக்கே திருத்த வேண்டும்.

படிவத்துக்குப் படிவம் வரிசையில் நின்று, 'இந்த நிரலில் உங்கள் நிலை இல்லை அம்மா' என்று திருப்பி அனுப்பப்பட்ட அனுபவம் இந்த இதழை வாசிக்கும் எங்களில் அநேகருக்கு உண்டு. அந்த அனுபவம் உள்ள கண்ணுக்குப் படிவத்தின் ஓட்டை சட்டென்று தெரிகிறது. அதை நான் கண்ணால் கண்டேன். ஆனால் அதை மட்டும் வைத்து யாரும் வேலை தரமாட்டார்கள். எனவே வழியையும் எழுதுகிறேன்.

முதலாவது ஆங்கிலம். பேச்சைவிட எழுத்து முக்கியம். சின்னச் சின்ன வசனமாக, பிழையில்லாமல், நடந்ததை நடந்தபடி எழுதப் பழக வேண்டும். எங்கள் பிள்ளை தினமும் ஒரு செயலியை எடுத்து ஒரு குறையை ஐந்து வசனத்தில் எழுதுவாள். நான் சிவப்புப் பேனையால் திருத்துவேன். எட்டு மாதம் இப்படிப் போனது. (என் ஆங்கிலமும் அந்த எட்டு மாதத்தில்தான் திருந்தியது.)

இரண்டாவது, அடிப்படைப் படிப்பு. தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ. முறையில் தகவல் தொழில்நுட்பப் பாடநெறிகள் இருக்கின்றன. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலும் விசாரிக்கலாம். பட்டம் வேண்டுமென்றால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி 2000ஆம் ஆண்டு முதல் பி.ஐ.ரி. என்ற வெளிவாரிப் பட்டத்தை நடத்துகிறது. கலைப்பிரிவில் படித்தவர்களுக்கும் நுழைய வழியுண்டு. தகைமையையும் கட்டணத்தையும் அந்தந்த ஆண்டு அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சோதனைக்கென்றே உள்ள சான்றிதழ். 2002இல் தொடங்கப்பட்ட ஐ.எஸ்.ரி.கியூ.பி. என்ற சர்வதேச அமைப்பின் அடிப்படைத் தரப் பரீட்சையைத்தான் அநேகமாகக் கேட்பார்கள். 40 பல்தேர்வு வினாக்கள், ஒரு மணித்தியாலம், 26 சரியென்றால் சித்தி. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது 15 நிமிடம் மேலதிகமாகப் பெறலாம். பாடத்திட்டமும் மாதிரி வினாத்தாள்களும் அந்த அமைப்பின் தளத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. நல்ல வகுப்புகளும் இருக்கலாம். ஆனால் முதலில் பாடத்திட்டத்தை இறக்கி வாசித்துப் பாருங்கள். பரீட்சைக் கட்டணம் எங்களுக்குச் சிறிய தொகையல்ல. ஆதலால் வாசித்து முடித்து, மாதிரி வினாத்தாள்களில் திரும்பத் திரும்ப முப்பதுக்கு மேல் வந்தபிறகு கட்டலாம்.

நான்காவதுதான் அதிகம் உதவியது. செய்த வேலையைக் காட்டக்கூடியதாக வைத்திருப்பது. பயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ் போன்ற திறந்த மூல மென்பொருள்களில் பிழை கண்டால் உலகத்தில் யாரும் எழுதிப் போடலாம். தமிழ் எழுத்து உடைந்து தெரிகிற இடங்களை எங்களைவிட யார் நன்றாகக் கண்டுபிடிப்பார்கள்? 2004 சுனாமிக்குப் பிறகு காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவதற்காக எங்கள் நாட்டுத் தொண்டர்கள் கிழமைக்கணக்கில் எழுதி முடித்த 'சஹானா' என்ற மென்பொருளும் அப்படித் திறந்து விடப்பட்டதுதான். பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அதைப் பாவித்தார்கள்.

பிள்ளை 2019 நடுப்பகுதியில் விண்ணப்பிக்கத் தொடங்கினாள். இரண்டு இடத்தில் பதிலே இல்லை. மூன்றாவது இடத்தில் நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டுவிட்டு அவளுடைய கையைப் பார்த்ததும் பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அவள் என்னுடன் கதைக்கவில்லை. பிறகு கொரோனா வந்து ஒரு வருடத்துக்கு மேல் அடித்துக்கொண்டு போனது. 2021இல் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய கம்பனி கூப்பிட்டது. மேசையில் ஒரு பேனையை வைத்து, "இதை எப்படிச் சோதிப்பீர்கள்?" என்று கேட்டார்களாம். இந்தத் தொழிலில் பழைய கேள்வி அது. அநேகர் உடனே எழுதிப் பார்ப்பேன், தலைகீழாகப் பிடிப்பேன் என்று தொடங்குவார்கள். இவள், "ஆர் பாவிக்கப் போறது எண்டு முதல் சொல்லுங்கோ" என்றிருக்கிறாள். பிறகு மூடியை ஒரு கையால் திறக்க முடிகிறதா என்று திறந்து காட்டியிருக்கிறாள். பயிலுநராக எடுத்தார்கள்.

இப்போது அவளுக்கு அங்கே தனியாக ஒரு வேலையே கொடுத்திருக்கிறார்கள். மவுஸைத் தொடாமல் விசைப்பலகையால் மட்டும் ஒரு தளத்தை முழுதாகப் பாவிக்க முடிகிறதா, பார்வையற்றவரின் வாசிப்புக் கருவி அதைச் சரியாக வாசிக்கிறதா என்று பார்க்கும் சோதனை. இதற்குச் சர்வதேச விதிகள் இருக்கின்றன. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள்.

இனிக் கசப்பானதையும் சொல்ல வேண்டும். பயிலுநர் காலத்துக் கொடுப்பனவு தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் சரி, வீட்டுக்கு அனுப்ப மிச்சமில்லை. அந்த மாதங்களில் மாமி வீட்டில் தங்க இடம் இருந்தபடியால்தான் அவளால் தாக்குப்பிடிக்க முடிந்தது. 2022இல் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்தபோது லப்டொப்பைக் காவிக்கொண்டு கரண்ட் உள்ள இடம் தேடி அலைந்தாள். வேலை முடித்துக் கொடுக்கும் நாட்களில் இரவு பதினொரு மணியாகும். கையால் அழுத்திப் பார்க்கிற சாதாரண சோதனைகளை இப்போது செலினியம் போன்ற கருவிகளும் செயற்கை நுண்ணறிவும் செய்கின்றன. அதனால் புதியவர்களுக்கான இடம் முன்னையைப்போல் இல்லை. உள்ளே போனபின் பைதனோ ஜாவாவோ கொஞ்சம் படித்துத் தானியங்கிச் சோதனை எழுதப் பழகாதவர்கள் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். பிழைக்கு இவ்வளவு என்று காசு தரும் இணையவழிச் சோதனைத் தளங்களும் உண்டு. பழகுவதற்கு நல்லது, அடுப்பெரிக்க நம்ப வேண்டாம். சேருமுன் காசு எப்படி உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும் என்று கேளுங்கள். வேலை தருகிறோம், முதலில் பதிவுப் பணம் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் கட்ட வேண்டாம். வேலை தருகிறவர் உங்களிடம் காசு கேட்கத் தேவையில்லை.

அந்த மென்பொருளில் ஐந்தாவதாக 'கணவர் காணாமற்போனவர்' என்ற தெரிவு 2018 முடிவதற்குள் வந்தது. திகதிப் பெட்டியின் சிவப்பு நட்சத்திரத்தையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் முன்பே பதிந்த பொய்த் திகதிகள் தாமாக அழியவில்லை. பிள்ளையும் நானும் கோவைகளை ஒவ்வொன்றாக விரித்து ஒன்றரை மாதம் இருந்து திருத்தினோம். தருமபுரத்து அம்மாவின் பதிவை முதலில் திருத்தி, அச்செடுத்து, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

முல்லைத்தீவு அம்மாவுக்கு: கலை படித்த பிள்ளைக்கும் இந்த வேலை கிடைக்கும். ஒரு வருடமாவது பொறுக்க வேண்டும், அந்த ஒரு வருடமும் வீட்டுச் செலவை மகளின் தலையில் போடாமல் உங்களால் தாங்க முடியுமா என்று முதலில் கணக்குப் பாருங்கள். எந்த வகுப்புக்கும் இப்போது காசு கட்ட வேண்டாம். உங்கள் போனிலுள்ள ஒரு செயலியை எடுத்து அதில் காணும் பத்துக் குறைகளை, நான் மேலே சொன்னபடி படிப்படியாக, தன் ஆங்கிலத்திலேயே மகளை எழுதச் சொல்லுங்கள். பிழை பற்றிக் கவலை வேண்டாம். எழுதிய கொப்பியை இதழின் முகவரிக்கு அனுப்பினால், பிள்ளை திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளிடமும் இப்போது சிவப்புப் பேனை இருக்கிறது.